பழைய காசுகளில் பச்சைப் பொடி, கருங்கோடு, சிவப்புப் புள்ளி: எது இயல்பான நிறம், எது சேதம்?

காசுப்பெட்டி கேட்டது:

வணக்கம் நண்பர்களே. ஒரே ஆல்பத்தில் பல வருஷம் கிடந்த ஐந்து காசுகள் கைக்கு வந்திருக்கின்றன. ஆல்பத்தின் உறைகள் மெத்தென்று வளைகிற பிளாஸ்டிக். திறந்ததும் புது மழைக்கோட்டு வாடை அடிக்கிறது. காசு எதையும் இதுவரை கழுவவில்லை, துடைக்கவில்லை. 0.01 கிராம் காட்டும் தராசில் எடை போட்டு, 10 மடங்கு லூப்பில் (கையடக்கப் பெருக்கிக் கண்ணாடியில்) பார்த்ததை அப்படியே எழுதுகிறேன்.

முதல் காசு 1862 விக்டோரியா ஒரு ரூபாய், 11.58 கிராம். தலைப்பக்கத்தில் விளிம்போரம் நீலம், அதற்கு உள்ளே கருஞ்சிவப்பு, நடுவில் வெளிர் மஞ்சள். பின்பக்கத்தில் இந்த விளிம்பிலிருந்து அந்த விளிம்பு வரை 2 மி.மீ. அகலத்துக்கு நேரான கருங்கோடு. கிரீடத்துக்கு நேர் மேலே விளிம்பில் ஒரு சாம்பல் திட்டு.

இரண்டாவது 1897 பிரிட்டிஷ் வெண்கலப் பென்னி, 9.31 கிராம். பரப்பு முழுக்கக் கரும்பழுப்பு. எழுத்துகளின் இடுக்கில் கெட்டியான கரும்பச்சை. ஆனால் தோள்பட்டைக்கு அருகே நான்கைந்து குழிகளில் வெளிர்பச்சைப் பொடி இருக்கிறது. உறையின் அடியிலும் அதே பொடி கொஞ்சம் உதிர்ந்து கிடந்தது.

மூன்றாவது 1944 அரை ரூபாய், பாதி வெள்ளி கலந்தது. மேலே பச்சை கலந்த, கண்ணாடி போன்ற பிசுபிசுப்புப் படலம். நான்காவது 1911 ஐந்தாம் ஜார்ஜ் சவரன், 7.98 கிராம், கன்னத்திலும் எழுத்தருகிலும் ஊசிமுனை அளவில் செம்பழுப்புப் புள்ளிகள். ஐந்தாவது 1917 வெண்கலக் கால் அணா. எடை 4.84 கிராம், ஆனால் நிறம் வெள்ளி! காந்தத்தில் ஒட்டவில்லை.

எதற்கு உடனே வைத்தியம் பார்க்க வேண்டும், எதைத் தொடாமல் விட வேண்டும்? கால் அணா தவறுதலாக வெள்ளி வில்லையில் அடிக்கப்பட்டதாக இருக்குமா?

---

களிம்பு எழுதியது:

கழுவாமல் கேட்டது நல்ல காரியம். நிறத்தை மட்டும் வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது. ஒரே பச்சைக்கு மூன்று காரணங்கள் உண்டு, மூன்றுக்கும் வைத்தியம் வேறு. ஒவ்வொரு கறையிலும் பார்க்க வேண்டியது: அது உலோகத்தின் மேல் ஒட்டிய வேற்றுப் பொருளா, உலோகமே மாறி உண்டான படலமா, அல்லது உலோகம் அரித்துப் போய்விட்ட இடமா. முதலாவதை எடுக்கலாம். இரண்டாவதைப் பெரும்பாலும் விட்டுவிட வேண்டும். மூன்றாவதைத் திரும்பக் கொண்டுவர வழியில்லை, மேலும் பரவாமல் தடுக்கலாம்.

பார்ப்பதற்கு ஒரே ஒரு விளக்கு போதும். அறை விளக்கை அணைத்துவிட்டு, காசை விளிம்பில் பிடித்து, மெதுவாகச் சாய்த்துச் சுழற்றுங்கள். பிறகு விளக்கைத் தாழ்த்தி, ஒளி ஏறக்குறைய கிடைமட்டமாக விழும்படி வைத்துப் பாருங்கள். மேலே ஒட்டியது நிழல் காட்டும், குழி எதிர்ப்பக்கம் நிழல் காட்டும், மெல்லிய டோனிங்கில் (உலோகப் பரப்பே காலப்போக்கில் நிறம் மாறிய படலத்தில்) நிழலே விழாது.

இப்போது பச்சைகள். பென்னியின் எழுத்திடுக்கில் உள்ள கெட்டிக் கரும்பச்சை பழைய களிம்பு. மூங்கில் பல்குச்சியின் முனையால் தொட்டால் உதிராது. அதனால் கெடுதல் இல்லை, விட்டுவிடுங்கள். அரை ரூபாயில் உள்ள பிசுபிசுப்பு பிவிசி எச்சம். மெத்தென்ற பிவிசி உறையில் பிளாஸ்டிக்கை இளக வைக்க எண்ணெய் போன்ற பொருள் சேர்த்திருப்பார்கள். அது கசிந்து காசில் படியும். கூடவே பிவிசி சிதையும்போது வெளிவரும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் செம்பைத் தின்னும். 1944 அரை ரூபாயில் 40 சதவீதம் செம்பு இருப்பதால் பச்சை இவ்வளவு தெளிவாகத் தெரிகிறது.

மூன்றாவது பச்சைதான் கவலைக்குரியது. குழிக்குள் வெளிர்பச்சைப் பொடி, தொட்டால் உதிர்கிறது, உறையிலும் விழுந்திருக்கிறது என்றால் வெண்கல நோய் என்று சந்தேகிக்க வேண்டும். உலோகத்துக்குள் தங்கிய குப்ரஸ் குளோரைடு, காற்றின் ஈரத்தோடும் ஆக்சிஜனோடும் சேர்ந்து பச்சைப் பொடியாக மாறுகிறது. அந்த வினையில் உண்டாகும் அமிலம் மேலும் செம்பை அரிக்க, மறுபடி குளோரைடு உண்டாகிறது. ஈரம் கிடைக்கிற வரை இது நிற்காது. ஒரு குழியில் பொடியை லேசாக விலக்கி லூப்பில் பாருங்கள்; அடியில் சாம்பல் நிறத்தில் மெழுகு போன்ற படிவு இருந்தால் சந்தேகம் உறுதியாகிறது.

உறுதி செய்ய இன்னொரு வழி: காற்றுப் புகாத டப்பாவில் ஈரப் பஞ்சை ஒரு மூலையில் வைத்து, பென்னியை மட்டும் கண்ணாடித் துண்டின் மேல் நீர் படாமல் வைத்து மூடுங்கள். அதற்கு முன் பொடியை எடுத்துவிட்டுப் படம் பிடித்துக்கொள்ளுங்கள். 24 முதல் 48 மணி நேரத்தில் அதே குழிகளில் புதுப் பொடி முளைத்தால் நோய் உயிரோடு இருக்கிறது. இந்தச் சோதனையே நோயைத் தூண்டும், எனவே ஒரு தடவைக்கு மேல் வேண்டாம்.

முடிவு வரும் வரை ஐந்து காசுகளையும் அந்த ஆல்பத்திலிருந்து வெளியே எடுத்துத் தனித்தனியாக வையுங்கள்.

---

ஓரவரி எழுதியது:

ரூபாயைப் பற்றி மட்டும் சொல்கிறேன், அதில் மூன்று வெவ்வேறு விஷயங்கள் இருக்கின்றன.

தலைப்பக்கத்து நிறம் வெள்ளி சல்பைடு படலம். படலத்தின் தடிமனைப் பொறுத்து ஒளி வெவ்வேறு நிறமாகத் திரும்புகிறது. மெல்லியதாக இருக்கையில் மஞ்சள், தடித்தால் கருஞ்சிவப்பு, இன்னும் தடித்தால் நீலம். நீங்கள் சொன்னது அதே வரிசையில் நடுவிலிருந்து விளிம்புக்குப் போகிறது. காற்று விளிம்பு வழியாக நுழைந்து அங்கே முதலில் வேலை செய்திருக்கிறது என்று பொருள். இயல்பான டோனிங்கின் இன்னொரு அடையாளம் எழுத்துகளைச் சுற்றித் தெரியும்: மேடான எழுத்தை ஒட்டிய இடத்தில் நிறம் சட்டென்று ஒரு படி மாறியிருக்கும். செயற்கையாக நிறமேற்றிய காசில் நிறம் மேடு பள்ளம் பார்க்காமல் ஒரே போர்வையாக ஓடும், மஞ்சளைத் தாண்டாமலே நீலத்துக்குத் தாவும், கீறலின் பள்ளத்துக்குள்ளும் பளிச்சென்று இறங்கியிருக்கும். சாயம் பூசியதா என்று பார்க்க, அசிட்டோனில் நனைத்த பஞ்சை விளிம்பில் ஓர் ஓரத்தில் ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம். பஞ்சில் நிறம் ஏறினால் பூசியது. வெள்ளி சல்பைடு அசிட்டோனில் கரையாது.

பின்பக்கத்துக் கருங்கோடு ரப்பர் பேண்டின் வேலை. ரப்பரைக் கெட்டிப்படுத்தக் கந்தகம் சேர்ப்பார்கள், அது நேரே வெள்ளியில் இறங்கிவிட்டது. கோட்டின் இருபுறமும் நீலம், சிவப்பு, மஞ்சள் என்று மெல்லிய கரைகள் தெரிகின்றனவா பாருங்கள்; தெரிந்தால் சந்தேகமே இல்லை. இதை எடுக்க முயல வேண்டாம். தயோயூரியா கலந்த அமில டிப்பில் முக்கினால் கறுப்பு போகும், ஆனால் அந்த இடத்தில் வெள்ளியின் மேல்தோல் சேர்ந்து போய் மங்கலான கோடு நிற்கும். தலைப்பக்கத்து நல்ல நிறமும் அதோடு போய்விடும்.

விளிம்புத் திட்டுதான் எனக்கு உறுத்துகிறது. கிரீடத்துக்கு நேர் மேலே, சரியாகப் பதக்கத்துக்கு வளையம் வைக்கிற இடம். காசை ஓரத்தில் நிறுத்தி, ஓர வரிகளை (விளிம்பின் பக்கவாட்டில் நெருக்கமாக உள்ள கோடுகளை) லூப்பில் ஒரு சுற்றுப் பாருங்கள். பொடி வைத்து ஊதி வளையத்தைப் பற்றவைத்த இடத்தில் வரிகளின் இடுக்கு நிரம்பியிருக்கும், அல்லது அரத்தால் ராவி வரியே மழுங்கியிருக்கும். பற்று உலோகத்தின் நிறமும் சற்று மாறியிருக்கும். குறுக்களவை மேலிருந்து கீழாகவும் இடமிருந்து வலமாகவும் பிளாஸ்டிக் காலிப்பரால் அளந்து ஒப்பிடுங்கள். ராவியிருந்தால் ஒரு திசையில் மட்டும் குறையும்.

இது ஏன் முக்கியம் என்றால், வளையத்தைக் கழற்றியபின் காசை அமிலத்தில் போட்டு வெளுத்து மெருகேற்றுவது வழக்கம். அப்படியானால் இப்போதுள்ள வானவில் நிறம் சுத்தம் செய்த பரப்பின் மேல் பிறகு படிந்தது. விளக்கடியில் சாய்க்கும்போது ஒளிக்கற்றை காசைச் சுற்றி ஓடினால் அச்சடித்த மினுக்கம் உயிரோடு இருக்கிறது. ஒளி அசையாமல் ஒரே இடத்தில் தட்டையாக நின்றால், அல்லது நிறத்தின் அடியில் ஒரே திசையில் மயிரிழைக் கீறல்கள் தெரிந்தால், மெருகேற்றியதுதான். நன்றாகத் தேய்ந்த காசில் இந்த மினுக்கம் எழுத்துகளுக்கு இடையே மட்டும்தான் மிஞ்சும், அங்கே தேடுங்கள்.

எடை பற்றி: முத்திரைக்கூட அளவு 11.66 கிராம், 0.917 வெள்ளி. 11.58 நியாயமான தேய்மானம். ஐயம் தீர வேண்டுமானால் நூலில் கட்டி நீருக்குள் தொங்கவிட்டு எடை பாருங்கள். ஏறக்குறைய 1.12 கிராம் குறைய வேண்டும். 1.3 குறைந்தால் உள்ளே இருப்பது வெள்ளி அல்ல, செம்பு நிக்கல் போன்ற கலவை.

---

லூப்பும்விளக்கும் எழுதியது:

சவரனில் இருப்பது சேதமே அல்ல. 22 காரட் காசில் 12ல் ஒரு பங்கு செம்பு. கலவை உருக்கும்போது முழுதாகக் கலக்காத செம்புத் துணுக்கு மேற்பரப்பில் இருந்தால் அது காற்றில் கறுத்துச் செம்புள்ளியாகத் தெரியும். எடை 7.988க்கு மிக அருகில் இருப்பதும் நல்ல அறிகுறி. இதை அமிலத்தில் கொதிக்க வைத்து எடுத்துத் தருவதாக யாராவது சொன்னால் கொடுக்காதீர்கள். மேற்பரப்புச் செம்பு முழுதும் கரைந்து, காசு வெளிறிச் சொரசொரப்பாகத் திரும்பி வரும். அசிட்டோனில் ஒரு முறை முக்கினால் விரல் எண்ணெய் போகும், புள்ளி இருக்கும், இருக்கட்டும்.

கால் அணா வெள்ளி வில்லையில் அடிக்கப்பட்டது அல்ல. எடையே சொல்லிவிடுகிறது. வெண்கலத்தில் 4.86 கிராம் வர வேண்டிய அதே கனஅளவு, வெள்ளியாக இருந்தால் 5.6 கிராமைத் தாண்டும். உங்களுடையது 4.84, ஆகவே உள்ளே வெண்கலம், மேலே பூச்சு. பூச்சு இரண்டு வகையாக இருக்கலாம். காரக் கரைசலில் துத்தநாகத்தோடு கொதிக்க வைத்துச் செம்புக் காசை வெள்ளி நிறமாக்குவது பள்ளி வேதியியல் செய்முறை. அந்தப் பூச்சு ஒரே சீரான சாம்பல் கலந்த வெள்ளையாக இருக்கும். மற்றது பாதரசம் தேய்த்தது: முதலில் ஈரம் போல் பளபளக்கும், நாளாக நாளாகத் திட்டுத்திட்டாக மங்கும். இரண்டில் எது என்று தெரியாத வரை பாதரசம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கையுறை இல்லாமல் எடுக்க வேண்டாம். எக்காரணம் கொண்டும் சூடாக்க வேண்டாம், பாதரச ஆவி நஞ்சு. சவரனின் பக்கத்தில் வைக்கவே கூடாது. பாதரசம் தங்கத்தில் ஏறி வெள்ளைத் திட்டாகப் பிடித்துக்கொள்ளும்.

கீறல், கோடு பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் இதில்தான் நல்ல காசைச் சேதம் என்றும், சேதத்தை அச்சுப் பிழை என்றும் அடிக்கடி குழப்புகிறார்கள். மேடாக எழுந்த கோடு அச்சிலிருந்து வந்தது: அச்சில் விரிசல் விழுந்தாலோ அச்சை மெருகிட்டாலோ காசில் மேடாகத் தெரியும். மெருகுக் கோடுகள் சமதளத்தில் ஓடி, உருவத்தின் ஓரத்தில் நின்றுவிடும். பள்ளமான கோடு சமதளத்தையும் உருவத்தையும் சேர்த்து வெட்டிக்கொண்டு போனால் அது பிற்பாடு விழுந்த கீறல். கீறலுக்குள் சுற்றுப்புறத்தின் அதே நிறம் இருந்தால் பழையது, உள்ளே பளிச்சென்று இருந்தால் புதியது. காசின் தோல் செதிலாகப் பிரிந்திருப்பது மட்டும் விதிவிலக்கு. அது பள்ளம் காட்டினாலும் வில்லையிலேயே இருந்த குறை, அடிப்பகுதியில் உலோகத்தின் இழைகள் ஒரே திசையில் ஓடுவது தெரியும்.

---

காசுப்பெட்டி எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. சோதித்ததில்: பென்னியில் மூங்கில் குச்சியால் பொடியை எடுத்தபோது இரண்டு குழிகளின் அடியில் சாம்பல் மெழுகுப் படிவு இருந்தது. டப்பாவில் வைத்து 30 மணி நேரத்தில் மூன்று குழிகளில் புதுப் பொடி. ரூபாயின் ஓரத்தில் அந்தத் திட்டுக்குக் கீழே ஆறு வரிகள் மழுங்கியிருக்கின்றன. மேல்கீழ் குறுக்களவு 0.2 மி.மீ. குறைவு. மினுக்கம் சுற்றவில்லை. நீரில் 1.12 குறைந்தது. ஆக வெள்ளி சரி, வளையம் வைத்த காசு.

அரை ரூபாயை அசிட்டோனில் எப்படிப் போடுவது? பென்னிக்கு என்ன செய்வது? உறை பிவிசிதானா என்று உறுதியாகத் தெரிந்துகொள்ள வழி உண்டா?

---

களிம்பு எழுதியது:

உறைக்கு: மரக் கைப்பிடியில் செருகிய செம்புக் கம்பியைச் சுடரில் பச்சை வராத வரை காய்ச்சி, சூட்டோடு உறையில் தொட்டு, மறுபடி சுடரில் காட்டுங்கள். பளிச்சென்று பச்சைச் சுடர் வந்தால் குளோரின் இருக்கிறது, பிவிசிதான். கடுகளவு பிளாஸ்டிக் போதும். புகை நச்சு, காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். அசிட்டோன் எடுக்கும் நாளில் இந்தச் சுடர் வேலை வேண்டாம். அறை வெப்பத்திலேயே அசிட்டோன் ஆவி தீப்பற்றும்.

அரை ரூபாய்க்குத் தூய அசிட்டோன் வேண்டும். நகப்பூச்சு நீக்கியில் எண்ணெயும் வாசனையும் கலந்திருக்கும், அது காசில் படியும். மூடியுள்ள கண்ணாடிக் கிண்ணத்தில் காசு மூழ்க ஊற்றி 10 நிமிஷம், திருப்பிப் போட்டு 10 நிமிஷம். தேய்க்கக் கூடாது. அழுக்குக் கலந்த அசிட்டோன் காசின் மேல் உலர்ந்தால் படலமாகத் திரும்ப ஒட்டும். அதனால் வெளியே எடுத்த நொடியே இரண்டாவது கிண்ணத்தில் புது அசிட்டோனுக்கு மாற்றி 5 நிமிஷம் வையுங்கள். பிறகு மை ஒற்றும் தாளில் சாய்த்து நிறுத்தினால் சில நொடியில் உலர்ந்துவிடும். பிசுபிசுப்பு மிச்சமிருந்தால் ஓரிரவு ஊறலாம். பச்சை போன இடத்தில் மங்கலான சொரசொரப்பு தெரிந்தால் அது அமிலம் அரித்த தடம், அதற்கு மேல் ஒன்றும் செய்வதற்கில்லை.

பென்னிக்கு: குழிகளில் உள்ள பொடியையும் எட்டுகிற வரை மெழுகுப் படிவையும் லூப்பின் கீழ் மூங்கில் முனையால் எடுங்கள். பிறகு 5 சதவீத சோடியம் செஸ்குவிகார்பனேட் கரைசல். தனியாகக் கிடைக்காவிட்டால் காய்ச்சி வடித்த நீர் 1 லிட்டருக்கு நீரற்ற சோடியம் கார்பனேட் 24 கிராம், சோடியம் பைகார்பனேட் 19 கிராம் கலந்தால் ஏறக்குறைய அதே கலவை. வாரம் ஒரு முறை கரைசலை மாற்ற வேண்டும். எப்போது நிறுத்துவது என்பதற்குச் சோதனை உண்டு: பழைய கரைசலில் கொஞ்சம் எடுத்து, நுரை அடங்கும் வரை நீர்த்த நைட்ரிக் அமிலம் விட்டு, பிறகு இரண்டு துளி வெள்ளி நைட்ரேட். வெண்மையாகக் கலங்கினால் குளோரைடு இன்னும் வெளியேறுகிறது. அமிலம் விடாமல் செய்தால் கார்பனேட்டே கலக்கம் காட்டி ஏமாற்றும். மாதக்கணக்கில் ஆகலாம்.

---

ஓரவரி எழுதியது:

களிம்பு சொன்ன முறை சரிதான், ஆனால் இந்தப் பென்னிக்கு அது முதல் படி அல்ல என்று நினைக்கிறேன். கரைசலில் மாதக்கணக்கில் ஊறினால் கரும்பழுப்புப் பட்டினா (வயதால் படிந்த இயல்பான மேல்நிறம்) மாறும், சில சமயம் பச்சை நீலப் படிவு புதிதாகப் படியும். நோய் சில குழிகளில் மட்டும் இருக்கிறது. பொடியை எடுத்து, அசிட்டோனில் முக்கி, சிலிக்கா ஜெல்லோடு காற்றுப் புகாத டப்பாவில் ஒப்பு ஈரப்பதம் 40 சதவீதத்துக்குக் கீழே வைத்துப் பாருங்கள். ஈரம் அந்த அளவில் நின்றால் வினை ஏறக்குறைய நின்றுவிடும். டப்பாவுக்குள் சின்ன ஈரமானி ஒன்று போட்டுவிடுங்கள். ஜெல் எப்போது தீர்ந்தது என்பதை அது காட்டும்.

---

களிம்பு எழுதியது:

ஒப்புக்கொள்கிறேன், பட்டினாவை மதித்தால் உலர்த்தி வைப்பதில் தொடங்கலாம். ஆனால் ஈரமானி 50ஐத் தாண்டினால் பொடி திரும்ப வரலாம், அந்தக் கவனிப்பு கடைசி வரை தொடர வேண்டும். மூன்று மாதம் உலர்வில் இருந்தும் புதுக் குழி தோன்றினால் கரைசலுக்குப் போங்கள். முடிந்தபின் காய்ச்சி வடித்த நீரில் பல முறை மாற்றி அலசி, அசிட்டோனில் முக்கி உலர்த்த வேண்டும். எத்தனாலில் 3 சதவீத பென்சோடிரையசோல் (செம்பு அரிப்பைத் தடுக்கும் வேதிப்பொருள்) கரைசலில் ஒரு நாள் ஊற வைப்பது கூடுதல் காப்பு. அது உடலுக்குக் கெடுதல், நைட்ரைல் கையுறை கட்டாயம்.

மற்ற நான்கும் பாலியெஸ்டர் அல்லது பாலிபுரொப்பிலீன் உறைக்குப் போகட்டும், கால் அணா தனி டப்பாவில். அட்டை உறை என்றால் ஸ்டேபிள் முனைகளை இடுக்கியால் தட்டையாக்கிவிடுங்கள். பக்கத்து உறையில் உள்ள காசைக் கீறுவது பெரும்பாலும் அதுதான். பழைய ஆல்பத்தில் வேறு காசுகள் இருந்தால், பச்சை தெரியாவிட்டாலும் எல்லாவற்றுக்கும் ஒரு அசிட்டோன் குளியல் கொடுத்த பிறகே புது உறையில் போடுங்கள்.

---

லூப்பும்விளக்கும் எழுதியது:

ரூபாயை விற்கவோ மாற்றிக்கொள்ளவோ நேர்ந்தால் வளையம் இருந்ததையும் மெருகையும் சேர்த்தே எழுதுங்கள், ஓரத்தின் படத்தோடு. தலைப்பக்கப் படம் மட்டும் போட்டால் அந்த நிறம் பார்ப்பவரைத் தவறான முடிவுக்குக் கொண்டுபோகும்.